போதைத் தடுப்புக்கு உழைப்பவர்களைப் பாராட்டுவது எப்படி? முதன்முறையாக விழா எடுப்பவர்களுக்கு

நாங்கள் முதன்முதலில் இப்படி ஒரு பாராட்டு விழா எடுத்தபோது பதினான்கு பேருக்குக் கேடயம் கொடுத்தோம். அதில் பாதிப் பேர் மேடையில் நன்றாகப் பேசுகிறவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை போதை ஒழிப்பு ஊர்வலத்தில் முன்வரிசையில் நடப்பவர்கள். விழா முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒருவர் மட்டும் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ஆறு வருடமாகத் தினமும் மாலை ஐந்து மணிக்கு விளையாட்டு மைதானத்தின் பூட்டைத் திறந்துவிட்டு, கடைசிப் பையன் வீட்டுக்குப் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பவர். அவர் பெயர் எங்கள் பட்டியலிலேயே இல்லை. மறந்துவிட்டோம் என்றுகூடச் சொல்ல முடியாது. யாருக்கும் தோன்றவே இல்லை.

ஏன் தோன்றவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். சிகிச்சை பெற்று மீண்டவரை நாலு பேருக்குக் காட்டலாம். பிடிபட்ட பொட்டலங்களை மேசைமேல் அடுக்கிப் படம் எடுக்கலாம். ஆனால் பதினைந்து வயதில் முதல் இழுப்பை இழுக்காமலே தாண்டிப்போன பிள்ளையை எப்படிக் காட்டுவது? அவனைத் தடுத்தது எது என்று அவனுக்கே தெரியாது. தடுப்புப் பணி பலித்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எனவே விழாவுக்கு ஆள் தேடும்போது கண்ணில் படுகிறவர்களே கிடைப்பார்கள். இந்தத் தவறைத் தவிர்க்கத்தான் கீழே சொல்லும் வேலைகள் எல்லாம்.

முதலில் கொஞ்சம் படியுங்கள்

ஆள் தேடும் முன், எது உண்மையிலேயே பிள்ளைகளைக் காக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். போதைப்பொருள், குற்றம் ஆகியவற்றுக்கான ஐ.நா. அலுவலகம் 2013-இல் தடுப்புப் பணிக்கான சர்வதேச நெறிமுறைகளை வெளியிட்டது. 2018-இல் உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து அதன் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. நமக்கெல்லாம் பழக்கமான பல விஷயங்களை அது 'பலன் இல்லை, சில சமயம் கெடுதல்' என்று ஒதுக்கிவிடுகிறது. ஒருவழிச் சொற்பொழிவு, பயமுறுத்தும் தகவல், முன்பு பழக்கத்தில் இருந்தவரை வகுப்புக்கு அழைத்து வந்து சொந்தக் கதை சொல்லச் செய்வது எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன.

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு ஓர் உதாரணம். 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'டேர்' என்ற திட்டம் தொடங்கியது. காவலர்கள் சீருடையில் பள்ளிக்கு வந்து பாடம் எடுப்பார்கள். பெற்றோருக்குப் பிடித்தது, பள்ளிகளுக்கும் பிடித்தது, அமெரிக்கா முழுக்கப் பரவியது. பின்னால் அந்த மாணவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளோ, போதைப் பழக்கத்தில் அதனால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்றே திரும்பத் திரும்பச் சொன்னன. கடைசியில் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள்.

இப்போது பலித்த ஒன்றைப் பாருங்கள். ஐஸ்லாந்தில் 1998-இல், 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 சதவீதம். கஞ்சாவும் சிகரெட்டும்கூட நன்றாகக் குறைந்திருந்தன. அங்கே என்ன செய்தார்கள்? பிள்ளைகளின் நிலையை அடிக்கடிக் கருத்துக்கணிப்பு எடுத்து, முடிவை உடனே பள்ளிக்கும் பெற்றோருக்கும் கொடுத்தார்கள். விளையாட்டு, இசை, நடன வகுப்புகளுக்குப் பணஉதவி செய்தார்கள். இரவில் பிள்ளைகள் வெளியே இருக்கக்கூடாத நேரத்தைச் சட்டமாக்கினார்கள். வார இறுதி இரவுகளில் பெற்றோர்களே கூட்டாகத் தெருவில் நடந்துவந்தார்கள். அவர்கள் யாரையும் பிடிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. சும்மா நடந்தார்கள்.

கவனித்தீர்களா? மேடைப் பேச்சாளர் ஒருவருக்கும் இதில் வேலையே இல்லை. பயிற்சியாளர், இசை ஆசிரியர், கருத்துக்கணிப்பின் எண்களை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தவர், தூக்கத்தை விட்டுத் தெருவில் நடந்த அப்பா அம்மா. உங்கள் பட்டியலில் இருக்க வேண்டியவர்கள் இப்படிப்பட்டவர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 'நல்ல நடத்தை விளையாட்டு' என்று ஒன்று 1969 முதலே இருக்கிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகளை அணிகளாகப் பிரித்து, விதி மீறாமல் அமைதியாக வேலை செய்யும் அணிக்குச் சின்னப் பரிசு தருவார்கள், அவ்வளவுதான். 1980-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒன்றாம் வகுப்பில் இதைச் செய்துபார்த்து, அந்தப் பிள்ளைகளை இருபது வயதையொட்டி மறுபடி பார்த்தார்கள். வகுப்பில் முரட்டுத்தனம் அதிகமாக இருந்த பையன்களிடம் பின்னாளில் போதைச் சிக்கல் கணிசமாகக் குறைந்திருந்தது. போதை என்ற வார்த்தையையே உச்சரிக்காத ஓர் ஒன்றாம் வகுப்பு ஆசிரியைதான் அங்கே தடுப்புப் பணியாளர். அவருக்கு விருது கொடுக்க வேண்டும் என்று எந்தக் குழுவுக்காவது தோன்றியிருக்குமா?

ஆளைத் தேடும் விதம்

'சிறந்த போதை ஒழிப்பாளரைப் பரிந்துரையுங்கள்' என்று அறிவிப்பு ஒட்டினால், தங்களைத் தாங்களே பரிந்துரைத்துக்கொள்பவர்கள்தான் வருவார்கள். நாங்கள் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். இப்போது நேராகப் பிள்ளைகளிடமே போகிறோம். பதின்மூன்று முதல் பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களிடம் மூன்றே கேள்வி கேளுங்கள், சீட்டில் பெயர் போடாமல் எழுதித் தரட்டும்:

ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு சிக்கல் என்றால், வீட்டில் சொல்ல முடியாது என்றால், யாருக்கு போன் செய்வாய்?

பள்ளி முடிந்து வீட்டுக்குப் போகப் பிடிக்காத நாளில் எங்கே போவாய், அங்கே யார் இருப்பார்?

நீ இரண்டு நாள் வராவிட்டால், 'எங்கே ஆளைக் காணோம்?' என்று யார் கேட்பார்?

எழுபது எண்பது சீட்டு சேர்ந்தால் போதும், சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். நூலகத்தில் புத்தகம் அடுக்குபவர், பேருந்து ஓட்டுநர், யாரோ ஒருவனுடைய பாட்டி. முதல்முறை அந்தச் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்த அன்று எங்கள் குழுவில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மூன்றாவது கேள்விக்கு 'யாரும் கேட்க மாட்டார்கள்' என்று எழுதிய சீட்டுகளும் அதில் இருந்தன. அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அது விழா சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. ஆனால் விழாவைவிட அவசரமானது. எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்ற அளவிலாவது அங்குள்ள ஆலோசகரிடம் உடனே தெரிவியுங்கள்.

இதோடு, பிள்ளைகள் கண்ணில் படாத வேலைகளையும் தேடுங்கள். கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போய்ப் பேசும் செவிலியர், பெற்றோருக்குப் பிள்ளை வளர்ப்புப் பயிற்சி நடத்துபவர், மருத்துவர் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வரும் பையனிடம் இல்லை என்று சொல்லும் மருந்துக்கடைக்காரர், அடையாள அட்டை பார்க்காமல் சிகரெட் விற்க மறுப்பவர். சர்வதேச நெறிமுறைகள் தாயின் கர்ப்பகாலத்திலிருந்தே தடுப்பைத் தொடங்குகின்றன. அதை நினைவில் வைத்தால் பட்டியல் தானே விரியும்.

பரிந்துரைப் படிவம்

ஒரே பக்கம். அதற்கு மேல் போகக்கூடாது. இவர் என்ன செய்கிறார், எவ்வளவு காலமாக, வாரத்தில் எத்தனை நாள், இவர் ஒரு மாதம் வராவிட்டால் என்ன நின்றுபோகும். கடைசிக் கேள்விதான் முக்கியம். 'ஒன்றும் நிற்காது' என்றால் அவர் பேச்சாளர். எழுதத் தயங்குபவர்கள் குரல் பதிவாக அனுப்பட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உண்மையான பணியாளரைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் பலருக்குப் படிவம் என்றாலே ஒவ்வாமை.

தேர்வுக் குழுவும், யாரும் பேச விரும்பாத ஒரு சோதனையும்

ஐந்து பேர் அல்லது ஏழு பேர் போதும். அதில் இருவராவது இருபது வயதுக்குட்பட்டவர்களாக இருக்கட்டும், அதுவும் பேருக்கு உட்காரவைத்தவர்களாக இல்லாமல் ஓட்டுரிமையோடு. இந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவர் அவசியம். நண்பர், உறவினர் பெயர் வந்தால் அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்துவிடுங்கள், பின்னால் சொன்னால் சண்டை வரும்.

சரி, இப்போது அந்தச் சோதனை. நீங்கள் ஒருவரை மேடையில் ஏற்றிப் பாராட்டினால், 'இவரிடம் பிள்ளையை நம்பி அனுப்பலாம்' என்று ஊருக்கே சான்று கொடுக்கிறீர்கள். அடுத்த வாரமே நாலு பெற்றோர் தங்கள் பிள்ளையை அவரிடம் கொண்டுபோய் விடுவார்கள். எனவே பிள்ளைகளோடு தனியாக இருக்கும் வேலை செய்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும், பின்னணி விசாரிக்காமல் தேர்ந்தெடுக்காதீர்கள். அவரைப் பரிந்துரைக்காத இரண்டு பேரிடமாவது பேசுங்கள். உங்கள் நாட்டில் குழந்தைகளோடு பணிபுரிவோருக்கான காவல்துறைச் சரிபார்ப்பு இருந்தால் அதையும் கேளுங்கள். 'பெரிய மனிதரை எப்படிச் சந்தேகப்படுவது?' என்று குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். எல்லோருக்கும் ஒரே விதி என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம்.

அப்புறம், பணம். மது, புகையிலை, மின்சிகரெட் விற்கும் நிறுவனங்களிடம் நன்கொடை வேண்டாம். அவர்கள் கேட்பது பின்திரையில் ஒரு சின்ன முத்திரை மட்டும்தான் என்பார்கள். அந்தச் சின்ன முத்திரைதான் அவர்களுக்கு வேண்டியதே.

சம்மதம் கேளுங்கள், உண்மையாகவே கேளுங்கள்

தேர்ந்தெடுத்த பிறகு அறிவிப்புக்கு முன் நேரில் போய்க் கேட்க வேண்டும். இன்ப அதிர்ச்சி கொடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். சிலருக்கு அது ஆபத்து. தெருமுனையில் விற்பவர்களுக்கு எதிராக நிற்கும் ஒரு தாயின் படத்தைப் பெயரோடு போட்டால், நாளை அந்தத் தெருவில் நடக்கப்போவது அவர்தான், நீங்கள் இல்லை. அவருக்கு மேடை வேண்டாம், குழு உறுப்பினர்கள் நாலு பேர் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தால் போதும்.

பழக்கத்திலிருந்து மீண்டு, இப்போது இளைஞர்களுக்கு உதவுபவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மதுப் பழக்கத்திலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள 1935-இல் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பிலும், போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக அந்த வழியில் வந்த 'நார்காட்டிக்ஸ் அனானிமஸ்' அமைப்பிலும் உறுப்பினர்கள் பத்திரிகை, வானொலி, திரைப்படம் முதலியவற்றில் தங்கள் அடையாளத்தை வெளியிடுவதில்லை என்ற மரபு உண்டு. நீங்கள் ஆர்வக்கோளாறில் 'இவரும் ஒருகாலத்தில்...' என்று ஒலிபெருக்கியில் தொடங்கினால், அவர் கட்டிக்காத்த ஒன்றை அரை நிமிடத்தில் உடைத்துவிடுவீர்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள்.

பாராட்டுரை எழுதுவது

எல்லா விழாவும் சறுக்கும் இடம் இது. எங்கள் முதல் விழாவில் படித்த ஒரு பாராட்டுரை இப்படி இருந்தது:

'தன்னலம் கருதாது, இரவு பகல் பாராது, போதையென்னும் அரக்கனை வேரறுக்கப் போராடி, நூற்றுக்கணக்கான இளைஞர்களின் வாழ்வில் ஒளியேற்றிய சேவைச் செம்மல்...'

இதில் ஆளை மாற்றினாலும் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். அதுதான் அதன் குறை. நாற்காலி மடக்கியவருக்கு அடுத்த ஆண்டு நாங்கள் எழுதியது இது:

'மைதானத்தின் சாவி இவரிடம் இருக்கிறது. ஏழு ஆண்டுகளாக, மழை பெய்த நாட்களிலும், மாலை ஐந்துக்கு அது திறந்திருக்கிறது. பந்து இல்லாமல் வருபவனுக்குப் பந்து தருவார். விளையாடப் பிடிக்காமல் வருபவனைச் சும்மா உட்கார விடுவார். யாராவது மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக் கதவைத் தட்டுவார். போதையைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை.'

படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், 'என் வீட்டையும் தட்டினாரு!' என்று கத்தினான். விழாவில் எழுந்த உண்மையான கைதட்டல் அதற்குத்தான்.

'ஐந்நூறு பேரைக் காப்பாற்றினார்' என்று எழுதாதீர்கள். யாராலும் எண்ண முடியாதது அது. நாட்களை எண்ணலாம், மணிநேரத்தை எண்ணலாம், அதை எழுதுங்கள். 'போதை அடிமை', 'குடிகாரன்', 'கெட்டுப்போன பிள்ளைகள்' போன்ற சொற்களும் வேண்டாம். கூட்டத்தில் ஒருவருடைய அண்ணன் இப்போது சிகிச்சையில் இருப்பான். 'போதைப் பழக்கத்துக்கு ஆளானவர்', 'மீண்டு வருபவர்' என்று சொன்னால் அந்தத் தம்பியும் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருப்பான்.

நாள் குறிப்பது

ஜூன் 26 எல்லோருக்கும் நினைவுக்கு வரும். போதைப்பொருள் பயன்பாட்டுக்கும் கடத்தலுக்கும் எதிரான சர்வதேச நாளாக அதை ஐ.நா. பொதுச்சபை 1987-இல் அறிவித்தது. அன்று வைத்தால் செய்தியில் இடம் கிடைக்கும். ஆனால் அன்றே எல்லா அமைப்பும் விழா வைப்பதால், பாராட்டப்பட வேண்டியவர்களை வேறு எங்கோ கூப்பிட்டிருப்பார்கள். என்னைக் கேட்டால், பாராட்டப்படுபவரின் வேலை கெடாத நாளே நல்ல நாள். மாலையில் மைதானத்தைத் திறப்பவருக்கு மாலை ஆறு மணிக்கு விழா வைத்தால் அன்று மைதானம் பூட்டியிருக்கும். இந்த வேடிக்கையையும் நாங்கள் செய்திருக்கிறோம்.

விழா நாளில்

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சிறப்பு விருந்தினருக்கு ஐந்து நிமிடம், அதை அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுங்கள். பின்திரையில் ஊசி, மாத்திரை, மண்டையோடு படங்கள் வேண்டாம். விலகி இருக்க முயல்பவருக்கு அந்தப் படமே பழைய ஏக்கத்தைக் கிளப்பிவிடும். விருந்தில் மது வேண்டாம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன், ஒருமுறை சொல்ல வேண்டிவந்தது.

'இவரால் காப்பாற்றப்பட்டவன் நான்' என்று ஒரு சிறுவனை மேடையேற்றிப் பேசவைக்கும் யோசனை கட்டாயம் வரும். கூட்டம் அழும், படம் நன்றாக வரும். அந்தப் படம் இணையத்தில் பத்து வருடம் கழித்தும் இருக்கும், அவன் வேலை தேடும்போதும் இருக்கும். வேண்டாம். பாராட்டுபவர் பேசட்டும், பிள்ளைகள் வந்தால் நண்பர்களோடு உட்கார்ந்து கைதட்டட்டும். பள்ளியிலிருந்து வரிசையாகக் கூட்டிவந்து கூட்டம் காட்டவும் வேண்டாம்.

வாசலருகே ஒரு மேசை போட்டு, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை உட்காரவையுங்கள். 'போதை ஆலோசனை' என்று பலகை வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். தண்ணீர் தரும் மேசையிலேயே அவரும் இருக்கட்டும்.

பரிசு

கேடயம் அலமாரியில் தூசி பிடிக்கும். தேர்ந்தெடுத்தவரிடம், 'உங்கள் வேலைக்கு என்ன குறை?' என்று கேளுங்கள். ஒருவர் பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு கேட்டார். இசை வகுப்பு நடத்துபவர் மழைக்காலத்தில் ஒழுகாத ஓர் அறை கேட்டார். இன்னொருவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 'ஒரு வாரம் என் இடத்தில் வேறு யாராவது இருந்தால் என் அக்கா வீட்டுக்குப் போய்வருவேன்' என்றார். ஏழு நாளுக்கு ஏழு தன்னார்வலர் என்று முறைபோட்டுக் கொடுத்தோம். எங்கள் பரிசுகளிலேயே செலவே இல்லாமல் கொடுத்தது அதுதான். மூன்றாம் நாளே இரண்டு பேர், 'இந்த வேலையை இவர் எப்படித் தினமும் செய்கிறார்?' என்று எனக்குப் போன் செய்தார்கள்.

விழா முடிந்த பிறகு

தேர்வாகாதவர்களுக்கும் அந்த வாரத்துக்குள் தகவல் போக வேண்டும். 'வருந்துகிறோம்' என்று அச்சடித்த கடிதம் வேண்டாம். அவர்களைப் பற்றிப் பிள்ளைகள் சீட்டில் எழுதிய வரியைப் போனில் படித்துக் காட்டுங்கள். எழுதியவர் யார் என்று சொல்லக்கூடாது, நமக்கே தெரியாதே. ஒரு பேருந்து ஓட்டுநருக்கு நான் படித்துக் காட்டியது இது: 'லேட்டா வந்தாலும் எனக்காக நிறுத்துவார். சாப்பிட்டியான்னு கேட்பார்.' மறுமுனையில் சத்தமே இல்லை. போன் துண்டித்துவிட்டதோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, 'எந்த ஸ்டாப்பு பையன் சார்?' என்றார்.